பழைய கார் வாங்கும் முன் ஆர்.சி. வரலாறு பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகிறவர்கள் இன்ஜின் சத்தம், டயர் தேய்மானம், பெயின்ட் பற்றியெல்லாம் நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் போகிறார்கள். பேப்பர் விஷயத்தில் மட்டும் "எல்லாம் கிளியரா இருக்கு சார்" என்ற ஒரே பதிலை வாங்கிக்கொண்டு திரும்பி விடுகிறார்கள். அந்தக் 'கிளியர்' எதையெல்லாம் குறிக்கிறது, எதைக் குறிக்காது என்று திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களின் தொகுப்பு இது. தமிழ்நாட்டில் ஓடும் சொந்த உபயோகக் கார்களை மனதில் வைத்து எழுதியது.

வெளிநாட்ல கார் வாங்கும்போது 'டைட்டில்' பார்க்கணும்னு சொல்றாங்க. நம்ம ஊர்ல அது எந்தப் பேப்பர்?

அப்படித் தனியாக ஒரு பத்திரம் நம்மிடம் கிடையாது, ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றிதழ்தான் எல்லாம். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வண்டி யார் பெயரில் பதிவாகி இருக்கிறதோ அவரே உரிமையாளர். பணம் கொடுத்தவர், சாவி வைத்திருப்பவர், தினமும் ஓட்டுகிறவர் என்பதெல்லாம் அடுத்த பேச்சு. பல கை மாறிய ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில், ஆர்.சி.யில் பெயர் மாற்றாமல் விட்ட பழைய உரிமையாளர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

வீடு வாங்கும்போது வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்க்கிறோம். காருக்கு அப்படி ஒரே இடத்தில் வில்லங்கம் பார்க்க வழியில்லை. கொஞ்சம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் இருக்கும், கொஞ்சம் வங்கியில், கொஞ்சம் இன்சூரன்ஸ் கம்பெனியில், கொஞ்சம் போலீஸிடம். ஒன்றில் இருப்பது மற்றதில் தெரியாது. அதனால் ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒன்றோடு ஒன்று பொருந்துகிறதா என்று ஒப்பிட வேண்டியிருக்கிறது.

கையில வண்டி நம்பர் மட்டும்தான் இருக்கு. வீட்ல உட்கார்ந்தே என்னென்ன பார்க்கலாம்?

மத்திய அரசின் போக்குவரத்துத் தளமான பரிவாகன் இணையதளத்தில் வாகன விவரம் பார்க்கும் பகுதி இருக்கிறது; எம்-பரிவாகன் செயலியிலும் அதே தகவல் வரும். செல்போன் எண், ஓ.டி.பி. கொடுத்து உள்ளே போய் வண்டி எண்ணைப் போட்டால் போதும். பதிவான தேதி, எத்தனையாவது உரிமையாளர், எரிபொருள், பதிவு எதுவரை செல்லும், வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், ஃபைனான்ஸ் இருக்கிறதா, பதிவின் நிலை என்ன என்பதெல்லாம் வரும். உரிமையாளர் பெயரில் பல எழுத்துகளை நட்சத்திரக் குறி போட்டு மறைத்திருப்பார்கள். இருந்தாலும் விற்பவர் சொல்லும் பெயரோடு ஒத்துப்போகிறதா என்று ஊகிக்க மீதி எழுத்துகள் போதும்.

ஒரு தடவை பார்த்து நிறுத்தாதீர்கள். முன்பணம் கொடுக்கும் முன் ஒரு தடவை, முழுப் பணம் கொடுக்கும் நாளன்று காலையில் இன்னொரு தடவை பார்த்து, இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இடைப்பட்ட நாட்களில் புதிதாக ஃபைனான்ஸ் ஏறியிருந்தால் அப்போது தெரிந்துவிடும். காசு வாங்கிக்கொண்டு 'முழு வரலாறு' தருவதாகச் சொல்லும் தனியார் செயலிகள் பெரும்பாலும் இதே தகவலைத்தான் அழகாக அடுக்கித் தருகின்றன.

அதுல 'ஆக்டிவ்'னு காட்டுது. அப்போ பிரச்சனை இல்லைதானே?

ஆர்.டி.ஓ. அந்தப் பதிவை ரத்து செய்யவோ நிறுத்தி வைக்கவோ இல்லை என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். ஆர்.டி.ஓ.வுக்கு யாராவது தெரிவித்தால்தானே அந்தத் திரையில் ஏறும்? ஆர்.சி. புக்கைத் தனியாரிடம் அடமானம் வைத்ததையோ, இன்சூரன்ஸ் கம்பெனி வண்டியை டோட்டல் லாஸ் (பழுது பார்ப்பது கட்டுப்படியாகாத சேதம்) என்று முடித்ததையோ யாரும் போய்ச் சொல்லாவிட்டால் 'ஆக்டிவ்' அப்படியே நிற்கும்.

வேறு இரண்டு வார்த்தைகளைக் கண்டால் உஷாராகுங்கள். 'என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வழங்கப்பட்டது' என்றிருந்தால் வண்டியை வேறு இடத்துக்குக் கொண்டுபோகப் பழைய ஆர்.டி.ஓ. அனுமதி கொடுத்துவிட்டார், புது இடத்தில் இன்னும் பதிவாகவில்லை என்று பொருள். 'பிளாக்லிஸ்ட்' என்றிருந்தால் வழக்கு, வரி, புகார் ஏதோ ஒன்றுக்காக வண்டியின் மேல் தடை விழுந்திருக்கிறது. தடை நீங்கும்வரை பெயர் மாற்றம் நடக்காது. காரணத்தைச் சம்பந்தப்பட்ட ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் தர வேண்டாம்.

ஆர்.சி.யைக் கையில கொடுத்தா, எதை எதோட ஒத்துப் பார்க்கணும்?

முதலில் சேசிஸ் எண், அதாவது வண்டியின் உடலிலேயே அடித்திருக்கும் அடையாள எண். மொத்தம் 17 எழுத்தும் இலக்கமுமாக இருக்கும். ஆங்கில ஐ, ஓ, க்யூ மூன்றும் அதில் வராது. 1, 0 இலக்கங்களோடு குழம்பும் என்பதால் உலகம் முழுக்க விலக்கிவிட்டார்கள். முதல் மூன்று எழுத்துகள் தயாரிப்பாளரைக் காட்டும்: மாருதிக்கு எம்.ஏ.3, ஹூண்டாய்க்கு எம்.ஏ.எல்., டாடாவுக்கு எம்.ஏ.டி. ஆர்.சி.யில் உள்ளதை வண்டியின் தகட்டில் அடித்திருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகப் படித்து ஒப்பிடுங்கள். மாடலைப் பொறுத்து இன்ஜினுக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகட்டிலோ, முன்பக்கப் பயணி சீட்டுக்கு அடியில் கார்ப்பெட்டைத் தூக்கினாலோ தெரியும்.

எண் பொருந்தினால் மட்டும் போதாது, அடித்திருக்கும் விதத்தையும் பாருங்கள். கம்பெனியில் அடித்த எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்கும். ஓரெழுத்து மட்டும் மேலே ஏறியிருப்பது, சுற்றிலும் கிரைண்டர் கீறல், அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட், நாலு பக்கமும் வெல்டிங் கோடு ஆகியவற்றில் எது இருந்தாலும் அந்த வண்டியை விட்டுவிடலாம். மேலே ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தால் கண்ணுக்குத் தெரியாத பழைய எழுத்தின் தடம்கூடச் சில நேரம் பதியும்.

அடுத்து இன்ஜின் எண், நிறம், எரிபொருள். இன்ஜின் மாற்றியிருந்தாலும், கேஸ் கிட் போட்டிருந்தாலும், நிறம் மாற்றியிருந்தாலும் ஆர்.சி.யில் அது ஏறியிருக்க வேண்டும். ஏறாத மாற்றம் பெயர் மாற்றும்போதோ இன்சூரன்ஸ் கிளெய்ம் செய்யும்போதோ உங்கள் தலையில் வந்து விழும்.

ஆர்.சி.ல ஒருத்தர் பேரு, விக்கிறவர் வேற ஒருத்தர். '29, 30 ஃபார்ம்ல சைன் வாங்கி வெச்சிருக்கேன்'னு புரோக்கர் சொல்றார். வாங்கலாமா?

படிவம் 29 விற்பவர் ஆர்.டி.ஓ.வுக்குத் தரும் அறிவிப்பு. படிவம் 30 பெயர் மாற்றத்துக்கான விண்ணப்பம். வாங்குகிறவர் இடத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, அதே தாள்களோடு வண்டியை மூன்று நான்கு கை மாற்றுவது இந்தத் தொழிலில் வெகு சாதாரணம். சிக்கல் கடைசியாக வாங்குகிறவருக்குத்தான். உரிமையாளரின் கையெழுத்து பொருந்தாமல் போகலாம், ஓ.டி.பி. அவருடைய செல்போனுக்குப் போய் அவர் எடுக்காமல் இருக்கலாம், அவர் உயிரோடு இல்லாமலேகூட இருக்கலாம்.

ஆர்.சி.யில் பெயர் உள்ளவரோடு நேரில், முடியாவிட்டால் வீடியோ காலில் பேசாமல் இந்த மாதிரி வண்டியை வாங்காதீர்கள். எவ்வளவுக்கு விற்றீர்கள், எப்போது கொடுத்தீர்கள், பெயர் மாற்ற ஓ.டி.பி. சொல்வீர்களா என்ற மூன்று கேள்வி போதும். அவருடைய போனில் அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரைத் திறந்து ஆர்.சி.யைக் காட்டச் சொன்னால் இன்னும் நல்லது.

டீலரிடம் வாங்கினால் 2023 ஏப்ரல் 1 முதல் வேறு வழி இருக்கிறது. ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைத்ததை உரிமையாளர் படிவம் 29சி மூலம் தெரிவிக்கலாம். 29சி பதிவாகி இருந்தால் அந்த டீலருக்கே விற்கும் அதிகாரம் உண்டு. இல்லையென்றால், ஷோரூமில் எத்தனை ஏ.சி. ஓடினாலும், அவர் புரோக்கர்தான்.

'சிங்கிள் ஓனர்'னு விளம்பரம். ஆனா ஆர்.சி.ல 2-ன்னு இருக்கே?

அப்பாவிடமிருந்து மகனுக்கு, கம்பெனி பெயரிலிருந்து அதன் முதலாளி பெயருக்கு மாறினாலும் எண் ஒன்று கூடும். அப்படியென்றால் அதை முதலிலேயே சொல்லியிருப்பார்கள். இதன் தலைகீழ்தான் அதிகம் ஏமாற்றும்: ஆர்.சி.யில் 1 இருக்கும், முந்தைய பதிலில் சொன்னபடி பேப்பர் மாற்றாமல் மூன்று பேர் ஓட்டியிருப்பார்கள். சர்வீஸ் பில்களில் வாடிக்கையாளர் பெயரும் செல்போன் எண்ணும் எத்தனை தடவை மாறியிருக்கின்றன என்று பாருங்கள்.

லோன் முடிஞ்சிடுச்சு, ஆனா ஆர்.சி.ல இன்னும் பேங்க் பேரு இருக்கு. என்.ஓ.சி. இருக்குன்னு சொல்றாங்க. போதுமா?

போதாது. வங்கியின் என்.ஓ.சி.யும் அது கையெழுத்திட்ட படிவம் 35-ம் ஆர்.டி.ஓ.விடம் போய், எச்.பி. (ஆர்.சி.யில் ஏறிய கடன் பதிவு) கேன்சல் ஆனால்தான் ஆர்.சி. சுத்தம். பெரும்பாலான வங்கிகளின் என்.ஓ.சி. மூன்று மாதத்துக்குத்தான் செல்லும். இரண்டு வருடம் முன்பு வாங்கிப் பீரோவில் வைத்த தாளை ஆர்.டி.ஓ. ஏற்க மாட்டார், லோன் எடுத்தவரே வங்கிக்குப் போய்ப் புதிதாக வாங்க வேண்டும். ஃபைனான்ஸ் கம்பெனி இன்னொன்றோடு இணைந்துவிட்டது, கிளையை மூடிவிட்டார்கள் என்றால் அலைச்சல் மாதக்கணக்கில் போகும்.

"நாங்களே எச்.பி. கேன்சலும் பெயர் மாற்றமும் சேர்த்துப் போட்டுத் தர்றோம்" என்று சொன்னால், அதற்குச் சம்மதிக்கும் முன் என்.ஓ.சி.யில் உள்ள லோன் எண்ணைக் காட்டி அந்த வங்கியில் நீங்களே விசாரியுங்கள். கார் லோன் முடிந்திருந்தாலும் அதே ஆள் எடுத்த வேறு கடனுக்காக வங்கி என்.ஓ.சி.யை நிறுத்தி வைப்பதுண்டு. அந்த மாதிரி நேரத்தில்தான் போலி என்.ஓ.சி. தலைகாட்டும்.

லோன் இன்னும் ஓடுது. மீதி டியூவை நாமளே கட்டிட்டு வண்டியை எடுத்துக்கலாமா?

முழுவதையும் ஒரே தடவையில் அடைப்பதென்றால் செய்யலாம். விற்பவரை வங்கியில் முடிப்புக் கடிதம் வாங்கச் சொல்லுங்கள். எந்தத் தேதிக்குள் எவ்வளவு கட்டினால் கணக்கு முடியும் என்று அதில் இருக்கும். அந்தத் தொகையை விற்பவரிடம் தராமல் நேராக லோன் கணக்குக்கு அனுப்புங்கள். விலையில் மீதியை, என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் உங்கள் கைக்கு வந்த பிறகு தருவதாக எழுதிக்கொள்ளுங்கள்.

"மாசா மாசம் டியூவை மட்டும் நீங்க கட்டுங்க, முடிஞ்சதும் பேர் மாத்திக்கலாம்" என்ற ஏற்பாடு வேண்டவே வேண்டாம். லோன் அவர் பெயரில், ஆர்.சி. அவர் பெயரில், பணம் மட்டும் உங்களுடையது. நீங்கள் கொடுத்த டியூவை அவர் வங்கியில் கட்டாமல் விட்டால் சீசிங் ஆட்கள் உங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். அவர்களிடம் காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது.

ஆர்.சி. தொலைஞ்சு போச்சாம், டூப்ளிகேட் எடுத்துத் தர்றாங்களாம். இதுல என்ன தப்பு?

உண்மையிலேயே தொலைந்திருக்கலாம். ஆனால் இந்தப் பக்கத்திலேயே அதிகக் கவனம் தேவைப்படும் இடம் இதுதான். ஊர்ப்புற ஃபைனான்ஸில் அவசரக் கடன் வாங்கும்போது ஒரிஜினல் ஆர்.சி., ஒரு சாவி, கையெழுத்திட்ட காலி 29, 30 படிவங்கள் ஆகியவற்றைக் கொடுத்துவிட்டுப் பணம் வாங்குவார்கள். ஆர்.டி.ஓ.வில் எச்.பி. போட மாட்டார்கள், அதனால் பரிவாகனில் ஃபைனான்ஸ் இல்லை என்றே காட்டும். பிறகு "ஆர்.சி. தொலைந்தது" என்று போலீஸில் ஒரு தொலைந்த ஆவண அறிக்கை வாங்கி, படிவம் 26 கொடுத்து டூப்ளிகேட் எடுத்து, வண்டியை உங்களுக்கு விற்றுவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து ஃபைனான்ஸ்காரர் மிச்சமிருக்கும் சாவியோடு வருவார்.

இதற்கு இணையதளத்தில் விடை கிடையாது. கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாவது சாவி எங்கே? ஷோரூம் இன்வாய்ஸ், பழைய இன்சூரன்ஸ் எல்லாம் இருக்கும்போது ஆர்.சி. மட்டும் எப்படித் தொலைந்தது? தொலைந்தது எப்போது, விளம்பரம் போட்டது எப்போது? டூப்ளிகேட் எடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, சாவி ஒன்றுதான், விலை சந்தையை விடக் குறைவு, இன்றைக்கே முடிக்கணும் என்கிறார் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். "வேறு கடன் இல்லை" என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்குவது பின்னால் வழக்குப் போட உதவும். வாசலில் நிற்கும் வண்டியை எடுத்துப் போகாமல் தடுக்க அது உதவாது.

டோட்டல் லாஸ், வெள்ளத்துல மூழ்கின வண்டின்னு ஆர்.சி.ல எழுதியிருக்குமா?

இருக்காது. அமெரிக்காவில் அப்படிப்பட்ட வண்டியின் டைட்டிலிலேயே முத்திரை குத்திவிடுவார்கள். நம் ஆர்.சி.யில் அதற்குக் கட்டமே இல்லை. பழுது பார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸ் கம்பெனி அதை டோட்டல் லாஸ் என்று எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடும். உடைந்த வண்டி ஏலத்துக்குப் போகும். இனி ஓட்டவே முடியாத அளவுக்குச் சேதமான வண்டி என்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்று சட்டத்தின் 55-வது பிரிவு சொல்கிறது. நடைமுறையில் பல வண்டிகள் ஆர்.சி.யோடு சேர்ந்தே ஏலத்தில் போய், தட்டி, ஒட்டி, பெயின்ட் அடித்து வெளியே வருகின்றன. இன்னும் மோசமான வகையும் உண்டு: நொறுங்கிய வண்டியின் ஆர்.சி.யையும் சேசிஸ் எண் உள்ள தகட்டுத் துண்டையும் மட்டும் எடுத்து, அதே மாடல் திருட்டு வண்டியில் வெல்டு பண்ணிவிடுவார்கள். சேசிஸ் எண்ணைச் சுற்றி வெல்டிங் கோடு தேடச் சொன்னது இதற்காகத்தான்.

சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும், அதே மாதம் திருநெல்வேலி, தூத்துக்குடியில் பெய்த பேய்மழையும் ஏராளமான கார்களை மூழ்கடித்தன. அந்த மாவட்டப் பதிவு எண் கொண்ட வண்டி என்றால், அந்தத் தேதிகளை ஒட்டிய சர்வீஸ் பதிவுகளைக் கட்டாயம் கேளுங்கள். சேசிஸ் எண்ணைச் சொன்னால் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் உரிமையாளர் முன்னிலையில் வரலாற்றை எடுத்துத் தருவார்கள். வண்டியிலும் தடயம் இருக்கும்: சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்தால் கடைசி ஒரு அடியில் சேற்றுக் கறை, சீட் தண்டவாள போல்ட்டில் துரு, டேஷ்போர்டுக்குப் பின்னால் வயர் கொத்தில் மண் படலம். கார்ப்பெட்டை மாற்றுவார்கள், பெல்ட்டை யாரும் கழுவுவதில்லை.

'ஒரு சின்ன ஆக்ஸிடென்ட்கூட இல்லை'ங்கிறார். பேப்பர்ல கண்டுபிடிக்க வழி இருக்கா?

இன்சூரன்ஸ் பாலிசியில் 'நோ கிளெய்ம் போனஸ்' என்ற வரியைப் பாருங்கள். கிளெய்ம் எடுக்காத ஒவ்வொரு வருடத்துக்கும் அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஒரு கிளெய்ம் எடுத்தால் அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யம். ஆறு வருடமாக ஒரே ஆள் வைத்திருக்கும் கார், போனஸ் 20 சதவீதம் என்றால் கடந்த இரண்டு மூன்று வருடத்துக்குள் ஏதோ நடந்திருக்கிறது.

பாலிசி முடிந்து 90 நாளுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டாலும் போனஸ் போய்விடும். அதனால் இந்த வருடப் பாலிசி மட்டும் போதாது, முந்தைய மூன்று வருடத்தையும் கேளுங்கள். 50 சதவீதம் என்றிருந்தாலும் கண்ணை மூடி நம்ப வேண்டாம்; சொந்தக் காசில் டிங்கரிங் பார்த்திருந்தால் எந்தப் பாலிசியிலும் தெரியாது. இன்னொன்று, போனஸ் ஆளுக்கு உரியது, வண்டிக்கு இல்லை. விற்பவரின் 50 சதவீதத்தைக் காட்டி விலை ஏற்றினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

திருட்டு வண்டியான்னு போலீஸுக்குப் போகாம தெரிஞ்சுக்க முடியுமா?

முடியும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் குடிமக்கள் இணையதளத்தில் வண்டிக்கு என்.ஓ.சி. எடுக்கும் வசதி இருக்கிறது. பதிவு எண், சேசிஸ் எண், இன்ஜின் எண் மூன்றையும் கொடுத்தால், திருட்டுப் பட்டியலில் அந்த வண்டி இருக்கிறதா என்று பார்த்துச் சான்று தரும். எண்களை ஆர்.சி.யிலிருந்து எடுக்காமல் வண்டியிலிருந்தே நேரில் பார்த்து எழுதிக்கொண்டு போடுங்கள்.

போலி நம்பர் மாட்டிய வண்டியை இது காட்டாது, ஏனென்றால் அந்த எண்ணுக்குரிய நிஜ வண்டி வேறெங்கோ ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு நம்பர் பிளேட்டைப் பாருங்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் உயர் பாதுகாப்புப் பிளேட் கட்டாயம். அதில் லேசரால் பொறித்த தனி எண் இருக்கும், கழற்ற முடியாத பூட்டு ஆணி இருக்கும். முன் கண்ணாடியில் உள்ள ஸ்டிக்கர் பெட்ரோலுக்கு இளநீலம், டீசலுக்கு ஆரஞ்சு. அதிலும் வண்டி எண் அச்சாகி இருக்கும்.

இ-சலான் பாக்கி இருந்தா அது என் தலையில வருமா?

அபராதம் வண்டி எண்ணில் நிற்கிறது. தீர்க்காமல் பெயர் மாற்றம் நகராது என்பதுதான் நடைமுறை. இ-சலான் தளத்தில் வண்டி எண்ணோடு சேசிஸ் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி 5 எழுத்துகளைப் போட்டுப் பாருங்கள். அங்கே காணாமல் போன பழைய சலான் மெய்நிகர் நீதிமன்றத் தளத்துக்குப் போயிருக்கலாம், அங்கேயும் தேடுங்கள். சலானில் கேமரா படம் இருந்தால் உற்றுப் பாருங்கள். படத்தில் வெள்ளைக் கார், உங்கள் முன் நிற்பது சிவப்பு என்றால் இது சலான் பிரச்சனை இல்லை, முந்தைய பதிலின் பிரச்சனை.

புதுச்சேரி, கர்நாடகா, டெல்லி நம்பர் வண்டி எல்லாம் விலை கம்மியா வருதே?

வரியையும் அலைச்சலையும் சேர்த்தால் அந்தக் குறைவு பெரும்பாலும் கரைந்துவிடும். வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டு எண் வாங்க வேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28 கொடுத்து என்.ஓ.சி., இங்கே வண்டியின் வயதுக்கேற்ற வாழ்நாள் வரி, பிறகு புது எண். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் புதுக் காருக்கு விலையைப் பொறுத்து 12 முதல் 20 சதவீதம் வரி என்பதை நினைவில் வைத்தால், பழையதற்கும் தொகை சின்னதாக இருக்காது என்று புரியும். பழைய மாநிலத்தில் கட்டிய வரியின் மீதியைத் திரும்ப வாங்குவது தனி வேலை. விற்றவர் ஒத்துழைக்காவிட்டால் அதை மறந்துவிடலாம்.

டெல்லி எண்ணில் இன்னொரு கணக்கு இருக்கிறது. அங்கே 10 வருடம் தாண்டிய டீசல், 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கு 2015 முதல் தடை உத்தரவுகள் வந்ததால், ஒன்பதாவது வருடத்தில் டீசல் கார்கள் மொத்தமாகத் தெற்கே இறங்கின. என்.ஓ.சி. வாங்காமல் ஓட்டி வந்த வண்டியும் அந்தக் கூட்டத்தில் உண்டு. என்.ஓ.சி.யில் எந்த ஆர்.டி.ஓ.வுக்கு என்று குறிப்பிட்டிருக்கிறார்கள் என்பதையும் படியுங்கள். மதுரைக்கு வாங்கியதை வைத்துக் கோவையில் பதிய முடியாது.

பி.எச். நம்பர் வண்டி?

பி.எச். என்பது 'பாரத்' வரிசை எண். அதில் வரியை இரண்டிரண்டு வருடமாகக் கட்டுவார்கள், வாழ்நாள் வரி கிடையாது. பி.எச். எண் வாங்கும் தகுதி உங்களுக்கு இல்லையென்றால் மாநில எண்ணுக்கு மாற்றி மீதி வரியைக் கட்ட வேண்டும். அந்தத் தொகையைக் கேட்டுக்கொண்டு விலை பேசுங்கள்.

டி-போர்டுல ஓடிட்டு ஓன் போர்டுக்கு மாத்தின வண்டின்னு எப்படித் தெரியும்?

வாடகையிலிருந்து சொந்த உபயோகத்துக்கு மாற்றிய வண்டியின் பதிவு விவரத்தில் அந்த மாற்றம் பதிவாகியிருக்கும், ஆனால் முகப்புத் திரையில் எப்போதும் தெரியாது. பழைய இன்சூரன்ஸ் பாலிசி சட்டென்று காட்டிக்கொடுக்கும்: 'பயணிகள் வாகனம்' என்று பிரீமியம் கட்டியிருப்பார்கள். பதிவான முதல் சில வருடங்களிலேயே எஃப்.சி. எனும் தகுதிச் சான்று இருந்தாலும் அதே கதைதான், சொந்தக் காருக்கு 15 வருடம்வரை எஃப்.சி. தேவையில்லையே. வாங்குவது தப்பில்லை; மீட்டரில் 60,000 கி.மீ. என்றிருப்பதை மட்டும் நம்பாதீர்கள்.

15 வருஷம் முடியப் போற வண்டி. ஏதாவது பார்க்கணுமா?

சொந்தக் காரின் பதிவு 15 வருடம் செல்லும். பிறகு ஆய்வுக்குக் காட்டி 5 வருடம் நீட்டிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. அதோடு பசுமை வரி, ஆய்வில் தேற ஆகும் மெக்கானிக் செலவு எல்லாம் உண்டு. முடிவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது விற்கிறார் என்றால் அந்தச் செலவை உங்களிடம் தள்ளுகிறார். புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள், அல்லது விலையில் கழியுங்கள்.

ஓனர் இறந்துட்டார், பையன்தான் விக்கிறார். நேரா என் பேருக்கு மாத்தலாமா?

முதலில் வாரிசு பெயருக்கு மாறிய பிறகே உங்கள் பெயருக்கு. படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். இறந்தவர் கையெழுத்திட்டு வைத்ததாகச் சொல்லி 29, 30-ஐ நீட்டினால் தொடாதீர்கள். அண்ணன் விற்க, தங்கை புகார் கொடுக்க, வண்டி ஸ்டேஷனில் நிற்கும். வாரிசுச் சான்றிதழில் எத்தனை பெயர் இருக்கிறதோ அத்தனை பேரும் கையெழுத்திட்டார்களா என்று எண்ணிப் பாருங்கள்.

பேங்க் சீஸ் பண்ணி ஏலம் விடுற வண்டி நல்ல விலைக்கு வருதே?

வருகிறது, பேப்பரில் கஷ்டமும் சேர்ந்து வருகிறது. ஆர்.சி. பழைய உரிமையாளரிடமே இருக்கும், அவர் தர மாட்டார். கடன் கொடுத்தவர் தன் பெயருக்குப் புது ஆர்.சி. வாங்கப் படிவம் 36 இருக்கிறது. அதை அவர்கள் முடித்துவிட்டார்களா, இல்லை உங்களையே செய்யச் சொல்கிறார்களா என்பதை ஏலத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். சலான் பாக்கி, வரி பாக்கி எல்லாம் 'உள்ளது உள்ளபடி' என்ற நிபந்தனையில் உங்களுக்கே வரும். எண் மட்டும் கிடைத்தாலும் போதும், இதுவரை சொன்ன எல்லாத் தளத்திலும் தேடிவிட்டு ஏலம் கேளுங்கள்.

எல்லாம் சரியா இருக்கு. பணத்தை எப்படிக் கொடுக்கிறது? அப்புறம் எத்தனை நாளுக்குள்ள என்ன செய்யணும்?

ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, அபராதம் வாங்கியவருக்கு. ஒரு சிறு தொகையைப் பெயர் மாறும்வரை நிறுத்தி வைப்பதை முன்பே பேசி எழுதிவிட்டால் விற்பவரும் ஓ.டி.பி. கேட்கும்போது போனை எடுப்பார்.

ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி விண்ணப்பியுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு தானாக உங்களைத் தொடரும். உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி அப்படித் தொடராது, போனஸ் வித்தியாசத்தையும் கட்ட வேண்டும். பழைய ஃபாஸ்டேக்கை விற்றவர் மூடினால்தான் உங்களுக்குப் புதியது கிடைக்கும். அதையும் வண்டி எடுக்கும் அன்றே முடித்துவிடுங்கள்.

பேரு மாறின பிறகு பழைய ஆக்ஸிடென்ட் கேஸ் ஏதாவது கிளம்பினா?

விபத்து நடந்த நேரத்தில் உரிமையாளராக இருந்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதை நிரூபிக்க உங்களுக்குத் தேவை டெலிவரி நோட்: எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, மீட்டரில் எத்தனை கி.மீ.யில் வண்டி கைமாறியது என்று எழுதி இருவரும் கையெழுத்திட்ட தாள். அன்று காலையில் நடந்த விபத்துக்கு மாலையில் வாங்கியவரைத் தேடி வருவது நடக்கும், அதனால் மணியை எழுத மறக்காதீர்கள்.

வாங்கும் முன்பே பார்க்க வேண்டுமென்றால், நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில் அந்த மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து உரிமையாளர் பெயரைப் போட்டு எம்.சி.ஓ.பி. எனும் விபத்து இழப்பீட்டு வழக்குகளைத் தேடலாம். ஒரே பெயரில் பலர் வருவார்கள், பொறுமை வேண்டும். அதைவிடச் சுருக்கமான வழி, பழைய பாலிசிகளில் ஒன்று முடிந்த தேதிக்கும் அடுத்தது தொடங்கிய தேதிக்கும் இடையில் வெட்டு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது. இன்சூரன்ஸ் இல்லாத அந்த இடைவெளியில் விபத்து நடந்திருந்தால் இழப்பீட்டுக்காக வண்டியையே நீதிமன்றம் முடக்க வாய்ப்புண்டு. இடைவெளி இருந்தால், அந்த நாட்களில் வண்டி எங்கே நின்றது என்று கேளுங்கள்.